அனாவசியம் என்று எண்ணப்பட்ட நொதிகள்

நீலப்பச்சைப் பாசி என்று வழக்கில் சொல்லப்படும் சயனோபாக்டீரியா, தண்ணீரைப் பிளந்து பிராணவாயுவை வெளியிடும் வித்தையை முதன்முதலாகக் கைவரப்பெற்ற ஜீவராசி. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் வாயுமண்டலத்தில் பிராணவாயு நிலைபெறத் தொடங்கியது இதன் உழைப்பால்தான். அந்த உழைப்பின் பயனை நாமெல்லாம் மூச்சாக இழுத்துக்கொண்டிருக்க, உழைத்த உயிருக்கோ அதே பிராணவாயு தீராத உபத்திரவமாக வந்து வாய்த்தது.

உபத்திரவத்துக்கு இடங்கொடுப்பது ரூபிஸ்கோ என்னும் நொதி. கரியமிலவாயுவைப் பற்றிச் சர்க்கரையாகும் பாதையில் சேர்ப்பது அதன் தொழில். வினாடிக்குச் சில மூலக்கூறுகளுக்கு மேல் கையாளத் தெரியாத மந்தமான நொதி அது. மந்தத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், கரியமிலவாயு எது, பிராணவாயு எது என்று பிரித்தறியாமல் இரண்டையும் பற்றிக்கொள்ளும் அதன் பேதைமையைப் பொறுப்பது எளிதன்று. காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கும் கரியமிலவாயு ஏறத்தாழ 0.04 பங்கும் இருக்கையில் தவறு நேராமல் எப்படி இருக்கும்? இந்த இரட்டைக் குணத்தை அமெரிக்காவில் பணியாற்றிய விஞ்ஞானிகளான போவ்ஸும் ஆக்ரனும் தம் சகாவுடன் 1971-இல் நிரூபித்தனர்.

பிராணவாயுவைப் பற்றினால் விளைவது இரண்டு கரியணுக்கள் கொண்ட பாஸ்போகிளைக்காலேட். அது சர்க்கரைப் பாதையிலுள்ள வேறு நொதிகளை முடக்கும் விஷம். ஆகவே அதை உடனுக்குடன் அப்புறப்படுத்துவதற்கென்றே ஒரு நொதி வரிசை உண்டு. முதல் நொதி பாஸ்பேட்டைக் கழற்றிக் கிளைக்காலேட்டாக்கும். அடுத்தது அதைக் கிளையாக்சிலேட்டாக்கும். அது கிளைசினாகி, இரண்டு கிளைசின்கள் கூடி ஒரு செரினாகும்போது கரியமிலவாயுவும் அம்மோனியாவும் கழன்றுபோக, மிஞ்சியது கிளிசரேட்டாகிச் சர்க்கரைப் பாதைக்கே திரும்பும். நான்கு கரியணுக்களில் மூன்று மீளும், ஒன்று நஷ்டம். ஒளிச்சுவாசம் என்று செடிநூலார் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் இவையெல்லாம் செடிகளுக்கே உரியவை, சயனோபாக்டீரியாவுக்கு அனாவசியம் என்ற அபிப்பிராயம் நெடுங்காலம் நிலவியது. அதற்கு நியாயமும் இருந்தது. இந்த நுண்ணுயிர் பைகார்பனேட்டை உள்ளே இறைத்துக்கொள்ளும் பம்புகளைத் தன் சவ்வுகளில் வைத்திருக்கிறது. கார்பாக்சிசோம் என்னும் புரத உறையிட்ட சிற்றறைக்குள் ரூபிஸ்கோவை அடைத்து, அவ்வறையில் கரியமிலவாயு செறிந்திருக்குமாறு பார்த்துக்கொள்கிறது. இத்தனை பந்தோபஸ்தும் உள்ள இடத்தில் பிராணவாயுவுக்கு என்ன வேலை என்று நினைத்தது இயல்பே.

அந்த நினைப்பைக் கலைத்தது சைனகோசிஸ்டிஸ் 6803 என்னும் நன்னீர் இனம். கலிபோர்னியாவில் பிடிக்கப்பட்ட அதன் மரபுத் தொகுதி முழுவதையும் 1996-இல் ஜப்பானியர் வாசித்து வெளியிட்டபின், எந்த மரபணுவை நீக்கினால் என்ன ஆகும் என்று பார்ப்பது சுலபமாயிற்று. ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்தில் ஐசன்ஹட், ஹாகமன், பௌவே ஆகியோர், ஜெருசலேமைச் சேர்ந்த கப்லானுடன் கூடி நடத்திய பரிசோதனை 2008-இல் வெளிவந்தது. கிளையாக்சிலேட்டைத் தீர்க்க இந்த உயிர் மூன்று வழிகளை வைத்திருப்பதாக அவர்கள் கண்டார்கள்: ஒன்று மேலே சொன்ன செடிவழி, இன்னொன்று பாக்டீரியாக்களுக்குப் பழக்கமான கிளிசரேட் குறுக்குவழி, மூன்றாவது, மீட்பதை விட்டுவிட்டு ஆக்சலேட் மூலமாக முழுவதையும் கரியமிலவாயுவாகக் கரைத்துவிடும் வழி. மூன்றையும் அடைத்தபோது, கரியமிலவாயு மிகுந்த காற்றில் பிழைத்திருந்த உயிர் சாதாரணக் காற்றில் வளர முடியாமற் போயிற்று. கிளைக்காலேட்டைக் கையாளும் இரண்டு டீஹைட்ரோஜினேஸ் நொதிகளையும் நீக்கியபோதும் அதே கதி. இவற்றில் ஒன்றை மட்டும் நீக்கியபோதே, கரியமிலவாயு தாராளமாக இருந்த நிலையிலுங்கூட, கிளைக்காலேட் குவிந்தது. பம்புகளோ பழுதின்றி இருந்தன. விசேஷம் அதுதான்: பம்புகளும் சிற்றறையும் செவ்வனே இயங்க, அப்போதும் நொதிகள் இல்லாமல் நடக்கவில்லை. கோட்டைச் சுவர் எவ்வளவு உயர்ந்தாலும் உள்ளே தெருப்பெருக்குவோர் வேண்டும் என்பதைப் போலத்தான் இது.

செடிகளில் கிளைக்காலேட்டை மாற்றும் நொதி பிராணவாயுவை நேரே உபயோகித்து ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் தொல்லையை உண்டாக்குகிறது. சைனகோசிஸ்டிஸின் டீஹைட்ரோஜினேஸோ அந்த வம்பில் இறங்குவதில்லை. அப்புறப்படுத்த வேண்டிய பாஸ்போகிளைக்காலேட்டுக்கும் ஒரு பிரயோஜனம் உண்டு. பம்புகளுக்கான மரபணுக்களை அமுக்கி வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் புரதம் ஒன்றில் அது வந்து ஒட்டினால், புரதம் விலகிக்கொள்கிறது, பம்புகள் உற்பத்தியாகின்றன. தீங்கான பொருளே கரியமிலவாயுப் பஞ்சத்தை அறிவிக்கும் தூதனாகவும் இருப்பதில் எனக்கு ஒரு தனி ரசனை.

செடிகளின் பசுங்கணிகங்கள் ஆதியில் விழுங்கப்பட்ட சயனோபாக்டீரியாவே ஆதலால், ஒளிச்சுவாசத்தின் மூலமும் அங்கேதான் இருக்கவேண்டும் என்று ரோஸ்டாக் குழுவினர் கருதினர். ஒளிச்சுவாசத்தில் செடிகளுக்கு நேரும் நஷ்டத்தை எண்ணினால், இந்த மாற்றுவழிகளில் விவசாய விஞ்ஞானிகளுக்கு மோகம் பிறந்ததில் வியப்பில்லை. கிளிசரேட் வழியை அரபிடாப்சிஸ் செடியின் பசுங்கணிகத்தில் 2007-இல் ஜெர்மனியில் அமைத்தார்கள். ஆக்சலேட் வழியை ஒத்த ஒன்றை நெல்லுக்குள் 2019-இல் சீனாவில் அமைத்தார்கள். அந்த நெல்லில் ஒளிச்சேர்க்கை கூடியது, பயிரின் எடையும் கூடியது. மணிகளின் விளைச்சல் மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறுபட்டது.