பிரசவம் பார்த்த துணைவேந்தர்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறும் சாலை கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகிறது. சாலையோர ஊர்க்காரர்கள் பாடு தேவலாம். உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர்க்காரர்கள் சாலைக்கு வந்து சேரவே காடுமேடு நடக்க வேண்டும். மகப்பேறு மருத்துவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காமல், சிகிச்சையும் கிடைக்காமல் போனால், தாயின் உயிர் சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடும்.

ஏன் அவ்வளவு வேகம்? நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. ஒரு பெண்ணின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான். குழந்தை பிறந்து நஞ்சும் பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். அந்தக் கணக்குப்படி பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான தாய்மார்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. கருப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. ரத்தக்குழாய்கள் அந்தப் பின்னலின் இடுக்குகள் வழியாகத்தான் வருகின்றன. நஞ்சு பிரிந்தவுடன் கருப்பை இறுகச் சுருங்கும். சுருங்கும் தசை ஒவ்வொரு குழாயையும் நெரித்து மூடிவிடும். நூலும் ஊசியும் இல்லாமல் உடம்பு தானே போட்டுக்கொள்ளும் கட்டு இது. களைத்துப்போன கருப்பை சுருங்க மறுத்தால்தான் ஆபத்து. அப்போது ஆக்சிடோசின் ஊசி வேண்டும். அந்த மருந்தையோ 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். அதற்கு நிற்காத மின்சாரம் வேண்டும்.

இதையெல்லாம் இந்திய மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக எழுதியவர்களில் முதன்மையானவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். 1938இல் வெளிவந்த அவருடைய மகப்பேறு மருத்துவ நூல், பின்னால் மருத்துவர் கிருஷ்ண மேனன் பெயரும் சேர்ந்து, பதிப்புக்கு மேல் பதிப்பாக இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. 1887இல் கர்நூலில் இரட்டையராகப் பிறந்தவர். உடன்பிறந்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார். லட்சுமணசாமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார், அங்கேயே முதல்வரானார், எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையை நடத்தினார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகி, 1969 வரை 27 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். மூன்றாண்டுப் பதவிக்காலத்தையே முட்டிமோதி முடிக்கும் இன்றைய துணைவேந்தர்களுக்கு இது கதைபோல இருக்கும். என்னைக் கேட்டால், எவ்வளவு பெரிய மனிதருக்கும் ஒரே நாற்காலியில் 27 ஆண்டு அதிகம். ஆனால் 1952இல் அவர் செய்த ஒரு காரியத்துக்காக அதை மன்னித்துவிடலாம்.

இயற்பியல் துறைக்குத் தலைவராக அவர் முதலில் அழைத்தது சி.வி. ராமனை. ராமன் வர மறுத்து, தன் மாணவரைக் கைகாட்டினார். முப்பது வயதை ஒட்டிய அந்த ஜி.என். ராமச்சந்திரனிடம் முதலியார் துறையை ஒப்படைத்தார். எக்ஸ் கதிர் படிகவியல் அங்கே வேர்விட்டது. இரண்டே ஆண்டுகளில், 1954இல், ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். கங்காருவின் வால் தசைநாண் வழியே எக்ஸ் கதிரைப் பாய்ச்சிக் கிடைத்த புள்ளிகளும் கோடுகளும்தான் அவர்களுக்குத் துப்பு.

நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதம் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் அதுதான். மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறாக முறுக்கிக்கொண்டது அதன் வடிவம். முறுக்கின் நடுவே இடம் மிகக் குறுகல். அங்கே அடங்கக்கூடியது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறிய கிளைசின் மட்டும்தான். அதனால் சங்கிலி நெடுக மூன்றில் ஒன்று கிளைசினாகவே வருகிறது. கல்வராயன் மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விற்கும் கடுக்காய் தோல் பதனிட உதவுவதும் இந்தக் கயிற்றால்தான்: கடுக்காயின் டானின் கொலாஜன் இழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது.

கருப்பையின் வாயும் பெரும்பாலும் கொலாஜன்தான். அங்கே தசை குறைவு. பத்து மாதம் பாரத்தைத் தாங்கி இறுக மூடியிருக்கும் அது, பேறுகாலம் நெருங்கும்போது இழைகளின் ஒழுங்கு குலைந்து, நீர் கோத்து, இளகத் தொடங்கும். பிறகு வலியெடுத்துப் பத்து சென்டிமீட்டர் விரியும். அந்த இளக்கத்தை ஆயிரக்கணக்கான பிரசவங்களில் விரல் நுனியால் அறிந்த மருத்துவர் முதலியார். அவர் தலைமையில் இருந்த பல்கலைக்கழகத்திலேயே அந்தப் பொருளின் மூலக்கூறு வடிவம் பிடிபட்டது. அவர் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனாலும் இவ்வளவு பொருத்தம் அமைவது அபூர்வம்.

உலக அரங்கிலும் இந்த இரட்டையர் கதை வேடிக்கையானது. 1946இல் உலக நலவாழ்வு மாநாட்டைக் கூட்ட முடிவெடுத்தது ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம்; அதன் முதல் தலைவர் ராமசாமி. அந்த மாநாட்டில் பிறந்த உலக சுகாதார நிறுவனத்தின் செயற்குழுவுக்கு, ஆரம்ப ஆண்டுகளிலேயே தலைமை வகித்தவர் லட்சுமணசாமி. 1961இல் புதுதில்லியில் கூடிய அதன் பேரவைக்கும் அவரே தலைவர்.

மலைக்கு வருவோம். 1959இல் இந்திய அரசு அமைத்த சுகாதாரக் குழு அவர் பெயராலேயே முதலியார் குழு எனப்படுகிறது. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பில் 40,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, புதிதாகத் திறப்பதற்கு முன் இருப்பதைச் சீராக்குங்கள் என்றது அக்குழு. அப்போது கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அந்தப் பிடி 1976இல்தான் விலகியது. இன்றைய விதி சமவெளிக்கு 30,000, மலைப்பகுதிக்கு 20,000. வெள்ளிமலை இருக்கும் கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் தலைகளை எண்ணிப் போடும் கணக்கு மலைக்குப் பொருந்தாது. மழைநாளில், ராத்திரியில், கடைசி வீட்டிலிருந்து ஆக்சிடோசின் ஊசிக்கு எத்தனை மணி நேரம் என்றுதான் எண்ண வேண்டும்.

அந்தக் கணக்கு மாறும்வரை மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டில் நிறைமாதக்காரி இருந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிராம செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி, குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே பிரசவ வசதியுள்ள மருத்துவமனைக்குப் பக்கத்தில் அழைத்துவந்து வைத்துக்கொள்ளுங்கள்.