ஏணி ஒண்ணுதான், ஏறுகிற கால்கள் வேற வேற

'மூன்றாம் வகுப்பு' என்று பலகை மாட்டிய ஓர் அறைக்குள் உண்மையில் எத்தனை வகுப்புகள் இருக்கு? ஒரு பிள்ளை கதைப் புத்தகத்தைத் தானாகவே படிக்கும். இன்னொன்று எழுத்துக்கூட்டித் திணறும். பின்வரிசையில் ஒன்றுக்குக் காது சரியாகக் கேட்காது. பாடநூலோ எல்லாருக்கும் ஒன்று. இந்த வாரம் முடிக்க வேண்டிய பக்கமும் ஒன்று.

வழக்கமாக நாம் செய்வது என்ன? 'சராசரி' மாணவருக்குப் பாடம் எழுதிவிட்டு, மற்றவர்களுக்குப் பின்னால் ஒட்டுப்போடுகிறோம். அமெரிக்காவில் 1984-ல் தொடங்கிய காஸ்ட் என்ற அமைப்பு இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. அவர்கள் கட்டடக்கலையிலிருந்து எடுத்த யோசனை இது: கட்டி முடித்த பிறகு சாய்தளத்துக்காகச் சுவரை இடிப்பதைவிட, வரைபடத்திலேயே சாய்தளத்தைப் போட்டுவிடுவது. பாடத்திட்டத்தில் இதற்கு முதல் வேலை, குறிக்கோளையும் வழியையும் பிரித்து எழுதுவது.

ஒரு உதாரணம். 'நீர்ச் சுழற்சியைப் பத்து வரிகளில் எழுதுக.' இங்கே சோதிப்பது நீர்ச் சுழற்சியையா, எழுத்தையா? அறிவியல்தான் குறிக்கோள் என்றால் வாயால் சொன்னாலும், படம் வரைந்து அம்புக்குறி போட்டாலும் முழு மதிப்பெண் தரணும். ஆனால் குறிக்கோளே கட்டுரை எழுதுவது என்றால், வாய்மொழிப் பதில் ஈடாகாது. அங்கே கூடுதல் நேரம், சொற்பட்டியல் மாதிரியான உதவிதான் சரி. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் 'இந்தப் பிள்ளைக்குச் சுலபமாக் குடுங்க' என்பது உதவி இல்லீங்க, பாடத்தையே பறிப்பது. கணக்கிலும் இதே கதைதான். நான்கு வரிக் கணக்கை வாசிக்க முடியாத பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்டிப் பாருங்க; பல நேரம் விடை வந்துவிடும்.

வாசிப்புக்கு வருவோம். வாசிப்புச் சிக்கல் பற்றிய ஆய்வுகளில் பெரும்பங்கு ஆங்கிலத்தை வைத்து நடந்தவை. அங்கே எழுத்து ஒன்று, ஒலி வேறு. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு பெரும்பாலும் ஒழுங்கானது. இப்படிப்பட்ட மொழிகளில் சிக்கல் தப்பாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பதாகவே அதிகம் வெளிப்படும். பிழையை மட்டும் எண்ணுகிற ஆசிரியர் அந்தப் பிள்ளையைத் தவறவிடுவார்.

நம் எழுத்துக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. 'கொ' என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். காதுக்கோ க் முதலில், ஒ பிறகு. 'பாம்பு' என்ற சொல்லில் ஒரே பகரம் இரண்டு விதமாக ஒலிக்கிறது. ல, ள, ழ பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்கெல்லாம் மேலே, வீட்டில் 'எல', 'வெல' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'இலை', 'விலை' என்று பார்க்கிறது. 'இலை'யை 'எல' என்று வாசித்தால் அது பிழையா? என் கணக்கில் இல்லை. எழுத்தைப் பார்த்துப் பொருளைப் பிடித்துவிட்டதுக்கு அதுதான் அடையாளம். மதிப்பீட்டுத் தாளில் இதற்கு ஒரு கட்டம் இருக்கணும்.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கு கிராமப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. பாடம் அட்டைகளாக உடைந்தது, அட்டைகள் ஏணியாக வரிசைப்பட்டன. பத்து நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே ஏறலாம். பழைய முறையில் அந்தப் பத்து நாள் போனது போனதுதான். ஆனால் ஏணி வேகத்தைத்தான் மாற்றியது, வழியை மாற்றவில்லை. பார்வையில்லாத பிள்ளைக்குப் படம் போட்ட அட்டையால் என்ன பயன்?

கொரோனா கால இடைவெளிக்குப் பிறகு 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. பெயர்கள் அழகு. ஆனால் தமிழில் அரும்பாக இருப்பவள் கணக்கில் மலராக இருக்கலாம். நிலை என்பது பாடத்துக்குப் பாடம், மாதத்துக்கு மாதம் மாறணும். வருஷம் முழுக்க ஒரே பெயரில் நின்றால் அது பட்டப்பெயர் ஆகிடும்.

சட்டமும் ஒரு பக்கம் இருக்கு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள். கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவற்றை அதன் 17-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. நல்லதுதான். ஆனால் ஒருவரிடம் பதிலைச் சொல்லி எழுதவைப்பது சும்மா வந்துவிடாது. எங்கே நிறுத்துவது, வாக்கியத்தை எப்படி மனசுக்குள் முடித்துவிட்டுச் சொல்வது, எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லித் திருத்துவது: இதையெல்லாம் பொதுத்தேர்வு அறையில் முதன்முதலாகச் செய்கிற பிள்ளைக்கு அந்தக் கூடுதல் நேரமே போதாது. எட்டாம் வகுப்பு நேர அட்டவணையிலேயே வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கணும்.