கண்ணாடி நகரமும் எங்கப்பாவின் லேத்தும்

சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்றால் ராக்கெட், வேற்றுக்கிரக ஆசாமி, லேசர் துப்பாக்கி என்றுதான் நானும் நினைத்திருந்தேன், நண்பர்களே. எதிர்காலம் நரகமாகிப் போனால் எப்படி இருக்கும் என்று எழுதுகிற நாவல்கள் தனி ரகம். ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட '1984' பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அதற்கே ஒரு பெரியண்ணன் உண்டு. ரஷ்யரான ஸம்யாத்தின் 1920-21-ல் எழுதிய 'நாம்'. சொந்த நாட்டில் அச்சேற விடவில்லை. 1924-ல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்தது. ரஷ்யாவில் வெளியாக 1988 ஆகிவிட்டது!

இந்த ஸம்யாத்தின் நம்ம ஆள். கப்பல் இன்ஜினீயர். 1916-ல் இங்கிலாந்துக்குப் போய் ரஷ்யாவுக்கான ஐஸ் உடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வை பார்த்தவர். கதாநாயகனும் இன்ஜினீயர்தான், விண்கலம் கட்டுகிறான். பெயர் கிடையாது, டி-503 என்ற நம்பர்தான். (நமக்கு ரிஜிஸ்டர் நம்பர் மாதிரி.) வீடெல்லாம் கண்ணாடி. எழுவது, தூங்குவது, வேலை எல்லாம் ஒரே அட்டவணைப்படி. ஒரு வாய் சாப்பாட்டை ஐம்பது தடவை மெல்ல வேண்டும் என்பதுகூடச் சட்டம். அந்த நாட்டில் கொண்டாடப்படும் பழங்கால மேதை யார் தெரியுமா? நாம் டைம் ஸ்டடியில் விழுந்து விழுந்து படிக்கிற அதே எஃப்.டபிள்யூ. டெய்லர்!

எனக்குப் பயம் வந்தது தண்டனைகளைப் படித்து அல்ல. முதல் பக்கங்களில் டி-503 ரொம்ப சந்தோஷமாக இருக்கிறான். அதைவிட மோசம், அந்த அட்டவணை எனக்கும் பிடித்துப்போச்சு. 'அட, வேஸ்டே இல்லையே!' என்று தோன்றியது. மூன்று வருஷப் படிப்பு செய்த வேலை போல. கடைசியில் எக்ஸ்-ரே கொண்டு அவன் கற்பனையை எடுத்துவிடுகிறார்கள். அப்புறமும் அவன் நிம்மதியாகத்தான் இருக்கிறான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து, அமெரிக்கர் கர்ட் வானெகட் 1952-ல் எழுதிய 'ப்ளேயர் பியானோ'. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, ஆள் கை படாமல் டர்பைன் ரோட்டர் வெட்டும் மில்லிங் மெஷினைப் பார்த்தாராம். அதிலிருந்து பிறந்த கதை. அதில் ரூடி ஹெர்ட்ஸ் என்று ஒரு லேத் ஆபரேட்டர். மகா கெட்டிக்காரர். அவர் கை அசைவுகளை டேப்பில் பதிவு செய்துகொள்கிறார்கள். அந்த டேப் மெஷின்களை ஓட்டுகிறது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கிழவருக்கோ, தன்னைத் தேர்ந்தெடுத்தார்களே என்று பெருமை.

இங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கப்பா டர்னர். டூல் மழுங்கியதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அவர் பட்டறையில் சி.என்.சி. வந்த பிறகு ஓரத்து லேத்துக்குத் தள்ளினார்கள். நான் படிப்பது அதே சி.என்.சி. புரோகிராமிங். என் ஃபீஸைக் கட்டுவது அந்த ஓரத்து லேத்.

கதை முடிவில் ஜனங்கள் கலகம் செய்து மெஷின்களையெல்லாம் நொறுக்குகிறார்கள். மறுநாளே, உடைந்து கிடந்த ஆரஞ்சு பான மெஷினை ஒருத்தன் ரிப்பேர் பண்ணி ஓடவைக்க, சுற்றி நின்று ஆர்ப்பரிக்கிறார்கள். அவன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. எழுத்தாளர் இதைக் கேலியாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அவ்வளவு கலாட்டாவுல அவனுக்கு ஸ்பேனர் எங்கடா கிடைச்சுது?" என்றார்.