நேர்காணல் அழைப்பு ஸ்பேம் பெட்டிக்குள் செல்வது ஏன்? அனுப்புநர் வரியில் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரம்: கழக்கூட்டத்தில் 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் போன்ற வளாகங்களில் வேலை தேடுவோருக்கு, நேர்காணல் அழைப்பு பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வருகிறது. அது ஸ்பேம் பெட்டிக்குள் சென்றுவிட்டால் வாய்ப்பே கைநழுவக்கூடும்.

அனுப்புநர் வரியில் உள்ள சிறு பிழையும் இதற்குக் காரணமாகலாம். 2008-ல் வெளியான ஆர்எஃப்சி 5322 தரநிலைப்படி, பெயரை முதலிலும், முகவரியை அதையடுத்துக் கோண அடைப்புக்குறிக்குள்ளும் எழுத வேண்டும். பெயரில் காற்புள்ளியோ, தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளியோ இருந்தால், அதனை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். இல்லையெனில், காற்புள்ளியை இரு முகவரிகளைப் பிரிக்கும் குறியாக மென்பொருள் கருதிவிடும்.

பெயருக்குரிய இடத்தில் வேறொரு முகவரியைக் காட்டுவது மோசடியாளர்களின் உத்தி என்பதால், அத்தகைய அஞ்சல்களையும் வடிகட்டிகள் சந்தேகிக்கின்றன.

ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட அஞ்சல்களை அனுப்புவோர், இத்தரநிலையுடன் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய சரிபார்ப்புகளையும் பின்பற்றுவதை 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயமாக்கியுள்ளது.

ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டியில் உள்ளவை 30 நாள்களில் தாமாகவே நீக்கப்படும். எனவே, வேலைக்கு விண்ணப்பித்தோர் அதனையும் அவ்வப்போது பார்ப்பது அவசியம். அங்கு காணப்படும் அழைப்பை நம்புமுன், பெயரை மட்டுமன்றி முகவரியையும் சரிபார்க்க வேண்டும்.