தற்செயல் எப்போது அடங்கும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் வசிக்கும் எனக்கு, நிச்சயமின்மை என்பது ஏட்டுச் சொல் அல்ல. இங்குள்ள சிறு பட்டறைகளுக்கு அடுத்த மாதம் எவ்வளவு ஆர்டர் வரும் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால், நூறு பட்டறைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் இழப்பை இன்னொன்றின் வரவு ஈடுகட்டிவிடும் என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை எப்போது செல்லும், எப்போது பொய்க்கும்? கணிதத்தின் நுட்பமான துறை ஒன்று இதற்கு வெளிச்சம் தருகிறது.

இடைப்புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, முக்கோண வடிவில் புள்ளிகளை இடுவோம். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கம்பம் நட்டு, மேலே கூரை வேய்வோம். விதி ஒன்றுதான்: அருகருகே உள்ள நான்கு புள்ளிகள் சாய்சதுரமாக அமையும் இடமெல்லாம், விரிகோண முனைகளில் உள்ள இரு கம்பங்களின் மொத்த உயரம், குறுங்கோண முனைகளில் உள்ள இரண்டின் மொத்த உயரத்தைவிடக் குறையக் கூடாது. இந்த விதிக்குப் பணிந்த கூரையில் எங்கும் பள்ளம் விழாது, மழைநீர் தேங்காது. உள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குக் குழிந்து தெரியும் இந்த அமைப்பே குழிவுச் சார்பு. கணிதர்கள் இதைத் ‘தேன்கூடு’ என்கிறார்கள்.

இது வெறும் விளையாட்டு அல்ல. இரண்டு அணிகளின் ஐகன் மதிப்புகள் தெரிந்தால், அவற்றைக் கூட்டிக் கிடைக்கும் அணியின் ஐகன் மதிப்புகள் எவையாக இருக்க முடியும்? இதற்கு 1962இல் ஆல்பிரட் ஹார்ன் ஒரு விடையை ஊகித்தார். அலெக்சாண்டர் கிளியாச்கோவின் ஆய்வும், 1999இல் ஆலன் கனூட்சன், டெரன்ஸ் டாவ் இருவரும் வெளியிட்ட நிறுவலும் சேர்ந்து அந்த ஊகத்தை மெய்ப்பித்தன.

அடுத்த கேள்வி நிகழ்தகவைச் சார்ந்தது. விதிக்கு உட்பட்ட எண்ணற்ற கூரைகளில் ஒன்றைக் குலுக்கி எடுத்தால், அது எப்படி இருக்கும்? மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹரிஹரன் நாராயணன், அமெரிக்கக் கணிதர் ஸ்காட் ஷெஃபீல்டுடன் இணைந்து இதற்குப் பெருவிலகல் கோட்பாட்டைப் பொருத்தினார். அக்கோட்பாட்டை வளர்த்தெடுத்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 2007இல் ஆபெல் பரிசு பெற்ற எஸ்.ஆர்.எஸ். வரதன்.

பெருவிலகல் என்பதை நாணயத்தைக் கொண்டே விளக்கலாம். பத்து முறை சுண்டினால் ஆறு அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு சுமார் 38 விழுக்காடு. நூறு முறை சுண்டி அறுபதோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயிரம் முறையில் அறுநூறைத் தொடும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் கீழே. எண்ணிக்கை பெருகப் பெருக, சராசரியிலிருந்து விலகுவதற்கான விலை ஏறிக்கொண்டே போகிறது. தேன்கூட்டில் இந்த விலை, பக்க நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது.

2023இல் நாராயணன், ஷெஃபீல்ட், டாவ் மூவரும் இன்னொரு முடிவைத் தந்தனர். ஒருவகைச் சமவாய்ப்பு அணிகளிலிருந்து பிறக்கும் தேன்கூடுகள் பெரிதாகப் பெரிதாக, அளவோடு ஒப்பிட்டால் அவற்றின் ஏற்றத்தாழ்வு அற்பமாகிவிடுகிறது. கூரை ஏறக்குறைய ஒரே வடிவில் நிலைகொள்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது அதன் காரணம். ஐகன் மதிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள், தொலைவு கூடக்கூட ஒன்றையொன்று பாதிப்பது தேய்ந்துபோகிறது. அந்தத் தேய்வே நிறுவலின் அச்சாணி. தற்செயலை அடக்குவது எண்ணிக்கை மட்டுமல்ல. உறுப்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருப்பதும்தான்.

இப்போது பட்டறைகளுக்கு வருவோம். நூறு பட்டறைகளும் நூறு வெவ்வேறு வாடிக்கையாளர்களை நம்பியிருந்தால், இழப்பும் வரவும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். நூறும் ஒரே வாகனத் துறையை நம்பியிருந்தால், அவை நூறு நாணயங்கள் அல்ல, ஒரே நாணயம். 2019இல் வாகன விற்பனை சரிந்தபோது அம்பத்தூர் வட்டாரத்தின் உதிரிபாகப் பட்டறைகள் ஒருசேரத் தவித்ததன் காரணம் இதுவே.

தேன்கூட்டுக் கணிதம் சந்தையை முன்கூட்டிச் சொல்லாது. ஆனால், கடன் வழங்கும் வங்கியும், காப்பீட்டு நிறுவனமும், தொழில் கொள்கை வகுக்கும் அரசும் கேட்க வேண்டிய கேள்வியை அது கூர்மையாக்குகிறது. ‘எத்தனை?’ என்று கேட்டால் போதாது, ‘எவ்வளவு பிணைந்துள்ளன?’ என்றும் கேட்க வேண்டும். நம் பள்ளிகள் சராசரியைக் கற்றுத்தருகின்றன. சராசரியை எப்போது நம்பலாம் என்பதையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும்.