குழாய் பழுதானால் குடம் சுமப்பது யார்?

முகாம்களில் தண்ணீருக்காக வரிசையில் நின்ற சகோதரிகளுக்கு ஒரு குடம் நீரின் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பசறைப் பகுதித் தோட்டங்களிலும் தண்ணீர்ச் சுமை பெண்ணின் சுமையே.

மலை ஊற்றிலிருந்து லயங்களுக்கு பிளாஸ்டிக் குழாய் வழியே நீர் தானாகவே இறங்கி வரும். மோட்டார் தேவையில்லை. ஆனால் குழாய்க்கும் வயதுண்டு. பீ.வீ.சி. குழாய் வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் நிறம் மங்கி, இலகுவில் வெடிக்கும். சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டுவது சில நாட்களுக்கே உதவும். பிறகு, பகலெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்தவளே மாலையில் குடமும் சுமக்கிறாள்.

சிறு கசிவுதானே என்று விட்டுவிடலாகாது. நீரோட்டம் நிற்கும்போது அதே வெடிப்பினூடாக அழுக்கு உள்ளே நுழையும். செங்கமாரி, நெருப்புக்காய்ச்சல் பரவலாம். கசியும் நீர் மலைச்சரிவையும் ஊறவைக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று, இதே பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மழையில் ஊறிய மலை சரிந்து லயங்களை மூடியதை மறக்க முடியுமா?

குழாய் மாற்றும்போது கவனியுங்கள்:

* கறுப்புப் பொலித்தீன் குழாய் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும்.
* எக்குழாயாயினும் மண்ணில் புதையுங்கள். மலக்குழி, கழிவுக்கான் அருகே வேண்டாம்.
* பீ.வீ.சி. பொருத்துகளில் பசை நன்கு காய்ந்த பின்பே நீரைத் திறவுங்கள்.
* முதலில் வரும் நீரைக் குடிக்காமல் வெளியே விடுங்கள்.
* குழாய் புதிதானாலும் கொதித்தாறிய நீரையே பருகுங்கள்.

எந்த இடத்தில் கசிகிறது, எந்த நேரத்தில் நீர் நிற்கிறது என்பதைத் தண்ணீர் சுமப்பவளே நன்கறிவாள். தோட்ட நிர்வாகத்துடன் குழாய் பற்றிப் பேசும்போது அவளும் அங்கே இருக்க வேண்டும்.