மூன்று மெழுகுவத்திகள்

"மாமா! புத்தகத்தில் போட்டிருப்பது தப்பாக இருக்குமா?"

ஏழாவது வகுப்பில் படிக்கும் என் தங்கை மகன் ஒரு நாள் மாலை இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றான். கண்களில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அன்று வகுப்பில் ஒரு பரிசோதனை. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு மெழுகுவத்தியை நிறுத்திக் கொளுத்தி, அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தார்களாம். சுடர் அணைந்தது, தண்ணீர் தம்ளருக்குள் ஏறிற்று. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அது எரிந்து தீர்ந்துவிட்டது. காலியான இடத்துக்குத் தண்ணீர் வந்தது. எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் ஆசிரியர். நம் பையன் சும்மா இருக்கக் கூடாதோ? எழுந்து, "சார், சுடர் எரிந்தபோது தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லையே? அணைந்த பிறகுதானே சரசரவென்று ஏறிற்று?" என்று கேட்டிருக்கிறான். "அதிகப்பிரசங்கி! உட்கார்!" என்று பதில் வந்தது.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி வந்து நின்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதை எழுது" என்பீர்களா? அப்படிச் சொல்லிவிட்டால் அவன் இனிமேல் எதையும் உற்றுப் பார்க்கமாட்டான். பார்த்தாலும் சொல்லமாட்டான்.

நான் அவனிடம் காசு கொடுத்து, "மூன்று மெழுகுவத்தி வாங்கி வா" என்றேன்.

கொளுத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி போட்டேன். "பிராணவாயு தீர்வதுதான் காரணம் என்று வைத்துக்கொள். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி வைத்தால் தண்ணீர் எவ்வளவு ஏறவேண்டும்?" பையன் யோசித்தான். "அதே தம்ளர், அதே காற்று. ஆகையால் அதே உயரந்தான்" என்றான்.

முதலில் ஒன்றை வைத்துப் பார்த்தோம். தண்ணீர் நின்ற இடத்தில் தம்ளரில் மையால் ஒரு கோடு போட்டோம். பிறகு மூன்றையும் கொளுத்தி அதே தம்ளரைக் கவிழ்த்தோம். கவிழ்க்கும்போது விளிம்பின் வழியே குமிழிகள் வெளியேறின. சுடர்கள் அணைந்தன. தண்ணீர் முதற்கோட்டைத் தாண்டி மேலே போய் நின்றது!

பையன் குதித்தான். "மாமா, சூடுதான் காரணம்!" என்று கத்தினான்.

அவன் சொன்னது சரி. சுடரின் வெப்பத்தால் காற்று விரிகிறது. கொஞ்சம் வெளியேறியும் விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் மூன்றானால் சூடும் அதிகம், ஏற்றமும் அதிகம். பிராணவாயு குறைவது உண்மைதான். ஆனால் அது முழுதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகிறது. அத்துடன், எரிவதால் உண்டாகும் கரியமிலவாயு அந்த இடத்தின் பெரும் பகுதியை நிரப்பிக்கொள்கிறது. ஆகவே தண்ணீர் ஏறுவதில் அதன் பங்கு சிறிதுதான்.

மெழுகுவத்தியைக் கொண்டு பாடம் நடத்துவது புதிதல்ல. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ஆம் ஆண்டிலேயே இளைஞர்களுக்குக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் தொடங்கிவிட்டன. கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகி, உலகப் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே, 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸில் வெறும் மெழுகுவத்தியைப் பற்றியே ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அணைத்த திரியிலிருந்து எழும் புகைக்கு நெருப்பைக் காட்டினார். சுடர் புகை வழியே தாவித் திரியில் பற்றிற்று. எரிவது மெழுகின் ஆவி என்பதைச் சிறுவர்கள் கண்ணால் கண்டார்கள்.

அங்கெல்லாம் வசதி உண்டு, இங்கே நடக்குமா என்கிறீர்களா? மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-ஆம் ஆண்டில், 16 நடுநிலைப் பள்ளிகளில் இப்படி ஒரு திட்டம் தொடங்கிற்று. கிராமத்துப் பிள்ளைகள் தாங்களே பரிசோதனை செய்து, பார்த்ததை எழுதினார்கள். ஊசிக்குப் பதில் கருவேல முள்! பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. பல நூறு பள்ளிகளுக்குப் பரவி, முப்பது ஆண்டு நடந்த அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆனால் அதைப் பார்த்துப் பிறர் கற்றுக்கொண்டது நிற்கவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள். மூன்று விஷயங்கள் போதும். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே பிள்ளை சொல்லவேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். கண்டதை மட்டும் எழுதவேண்டும், நினைத்ததை அல்ல. நெருப்பு இருப்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம்.

மறுநாள் பையன் மூன்று மெழுகுவத்திகளையும் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனான். எனக்குக் கொஞ்சம் பயந்தான். மாலையில் சிரித்துக்கொண்டு வந்தான்.

"சார் என்னடா சொன்னார்?"

"முதலில் முகத்தைச் சுளித்தார், மாமா. அப்புறம் அவரே தீக்குச்சியைக் கிழித்தார்."